இடது ரெக்கையில் படிந்த புகை

வெந்நீர்

வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் வெந்நீரில் குளித்தேன். ஃபைபர்கிளாஸ் தேய்த்துவிட்டு வருகிறவள் செய்யக் கூடாத காரியங்களில் முதலாவது அதுதான். சூடு பட்டால் தோல் இளகி, மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தூள் உள்ளே இறங்கிவிடும். விடிகிற வரைக்கும் சொறிந்தேன். என் வீட்டுக்காரர் மாரிமுத்து, குரங்குகூட இப்படிச் சொறியாது என்றார். அவர் மேல் வந்த கோபத்தில் இன்னும் கொஞ்சம் சொறிந்தேன்.

மலேசியாவில், கெடா கடற்கரையோரக் கோத்தா கோலா மூடாவில் ஒரு படகுப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபினிஷிங் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பட்டறைப் பிள்ளைகள் கேட்பார்கள், அக்கா இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. ஏரோப்ளேனில் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பாலிங் போகிற சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட அறிவித்த அவசரகாலத்தின் கடைசி வருஷங்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றியிருந்த முள்கம்பிக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. மாரிமுத்து தோட்டத்து ஃபிட்டர். நான் ஸ்டோரில் ரப்பர் சீட்டு பொறுக்குகிறவள். புகையில் காய்ந்து வரும் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழியோ தூசியோ தெரிந்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்பிய குமிழி கிடையாது என்று ஸ்டோரில் பெயர்.

தோட்டத்து மேனேஜரான எங்கள் துரை வெள்ளைக்காரர். உலக யுத்தக் காலத்தில் விமானம் ஓட்டியவராம். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பழைய மெஷின் கொட்டகையில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய ஏரோப்ளேன் ஒன்றைப் புத்தகத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பினாங்கிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். எலும்புக்கூடு மரம், அதன் மேல் மெல்லிய பலகை, பலகை மேல் கிளாஸ் துணியை விரித்து ரெசின் பூசுவார். காய்ந்ததும் அதைத் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். துரைக்கு ரெசின் பூசப் பொறுமை இருந்தது, தேய்க்கப் பொறுமை இல்லை. குமிழி கண்டுபிடிக்கிற ஆள் யார் என்று விசாரித்து என்னைக் கூப்பிட்டார். துணைக்கு அஞ்சலை. அவளும் ஸ்டோர்க்காரிதான்.

மாவு

கொட்டகை முள்கம்பிக்கு வெளியே இருந்தது. காலையில் கேட்டைத் தாண்டும்போது ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள். காட்டில் இருந்தவர்களுக்கு யாரும் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தால் போதும், போலீஸ் லாரியில் ஏற்றிவிடுவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானம் வரைக்கும் வெறும் வயிறு.

மூன்றாவது வாரம் கேட்டில் புதிதாக ஒரு மலாய்க்காரக் காவலர். முந்தின நாள் கட்டியிருந்த கைலியையே உதறிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மடிப்பில் வெள்ளையாகத் தூள். அவர் விரலால் தொட்டுப் பார்த்து, "தெப்போங்" என்றார். தெப்போங் என்றால் மாவு. எனக்குப் பின்னால் நின்ற வரிசை இரண்டடி தள்ளிப் போனது. அஞ்சலையும் தள்ளிப் போனாள்; அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நான் நடுங்கியிருந்தால் லாரிதான். எனக்கு நடுக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இது மாவு இல்லை, கண்ணாடி. நம்பாவிட்டால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மனிதர் வீம்புக்காரர். இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, போ என்றார்.

மறுநாள் இரண்டு கையும் தக்காளி நிறத்தில் நின்றார். அவரும் வெந்நீரில் குளித்திருப்பார் போல. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவரே இரண்டடி தள்ளி நிற்பார்.

"இந்தத் தூளப் பூசிக்கிட்டா ஒரு மூட்டை அரிசியே கொண்டு போலாம் போல லா," என்றாள் அஞ்சலை. அவள் வாயைப் பொத்தினேன். அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் பேச்சுக்கும் ஜெயில் உண்டு.

ஆனால் அரிப்புக்கு வழி கண்டுபிடித்தவளும் அஞ்சலைதான். ஸ்டோரிலிருந்து ஒரு மங்குக் கோப்பையில் ரப்பர் பால் எடுத்து வருவாள். வேலை முடிந்ததும் கையில் மெலிதாகப் பூசிக் காயவிட்டு, தோல் உரிப்பதுபோல் உரித்தால், கண்ணாடித் தூளெல்லாம் பாலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு கழுவு. துரையும் அதைப் பார்த்துவிட்டு அவருடைய கையில் பூசிக்கொண்டார். அவர் கையில் இருந்த முடி அத்தனையும் பாலோடு வந்துவிட்டது. அவர் போட்ட சத்தம் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாம்.

வேலை இவ்வளவுதான். நீளமான பலகையில் சாண்ட் பேப்பரைச் சுற்றிக்கொண்டு, குறுக்காக ஒரு தரம், எதிர்க்குறுக்காக ஒரு தரம் தேய்க்க வேண்டும். விரலால் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் விரல் அளவுக்குப் பள்ளம் விழும். தேய்ந்த இடம் வெள்ளையாகும். பள்ளம் பளபளவென்று அப்படியே நிற்கும். பளபளப்பு தெரிகிறதே என்று அங்கேயே போட்டுத் தேய்க்கக் கூடாது, ஃபில்லர் வைத்து மேடாக்கித்தான் தேய்க்க வேண்டும். துணியின் இழை கண்ணுக்குத் தெரிந்தால் உடனே நிறுத்து. இழை அறுந்தால் பலம் போய்விடும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், கை ஏமாறாது.

வலது ரெக்கையை இப்படி முடித்தோம். இரண்டு அடுக்கு துணி, இரண்டும் வெயில் காலத்தில் போட்டது. அந்த ரெக்கையில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

மழை

இடது ரெக்கைக்கு முதல் அடுக்கு போட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளாகியும் ரெசின் கெட்டியாகவில்லை. தொட்டால் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்தது. தேய்த்தால் பேப்பர்தான் அடைத்துக்கொண்டது. துரை ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் டப்பாவையும் வானத்தையும் மாறி மாறித் திட்டினார்.

நான்தான் வாயைத் திறந்தேன். மழைக் காலத்தில் ரப்பர் சீட்டு எப்படிக் காய்கிறது? புகை வீட்டில் வைக்கிறோம். இதையும் அங்கேயே வைத்தால் என்ன? துரை நன்றாகத் தமிழ் பேசுவார், தோட்டத்துத் துரைகள் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய தமிழ். "வெரி குட், பாக்கியம்" என்று கைதட்டினார். சீட்டு வண்டியில் ரெக்கையை ஏற்றிப் புகை வீட்டுக்குள் தள்ளி, நெருப்பைக் குறைத்து மூன்று நாள் வைத்தோம்.

கல் மாதிரி கெட்டியாகி வந்தது. நிறம் மட்டும் நல்ல முதல் தரச் சீட்டு போலத் தேன் நிறமாக மாறியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரப்பர்க்காரிக்குப் புகை என்றால் நல்லது. புகை படிந்த சீட்டில் பூஞ்சை பிடிக்காது, வருஷக்கணக்கில் கெடாது. பதினோரு வருஷம் அதைத்தான் பார்த்திருக்கிறேன். ரெக்கையில் படிந்த புகையும் அப்படி ஒரு காப்பு என்றே நினைத்தேன். ஒரு துணியால் மேலாகத் துடைத்தேன். தேய்க்கவில்லை.

துரை இரண்டாவது அடுக்குத் துணியோடு வந்து, "பாக்கியம், ரெடி?" என்றார்.

"ரெடி, துரை," என்றேன்.

கத்தரிக்கோல் காம்பு

இரண்டாவது அடுக்கும் காய்ந்தது. தேய்த்து, ஃபில்லர் வைத்து, மறுபடி தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை அலோர் ஸ்டாரிலிருந்து விமானம் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வருகிறார், கம்பெனிப் பெரிய துரையும் வருகிறார் என்று தோட்டமே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ஒரு ஃபில்லர் கட்டியைத் தட்டி எடுப்பதற்காகச் சீட்டு வெட்டுகிற கத்தரிக்கோலின் காம்பால் ரெக்கையைத் தட்டினேன். டக், டக் என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினேன். தொப் என்றது. மறுபடி தட்டினேன். தொப். முன்விளிம்பை ஒட்டி நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போனேன். பாதி ரெக்கை தொப், தொப் என்றது.

ஓரத்தில் கத்தி முனையை விட்டுக் கொஞ்சம் நெம்பினேன். மேல் அடுக்கு நோகாமல் எழுந்து வந்தது, கையில் பூசிய பால் உரிகிற மாதிரி. அடியில் தேன் நிறம். என்னுடைய புகை.

அந்த நிமிஷம் எல்லாம் புரிந்துவிட்டது. புகை என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்கு மேல் ரெசின் பிடிக்கவில்லை. நான் ரெடி என்று சொன்ன இடத்தில்தான் ரெக்கை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே போய்க் காற்று அந்த ஓரத்தில் புகுந்தால் துணி கிழிந்து பறக்கும், ஆள் கீழே வருவார்.

பெரிய கிராணியிடம் போனேன். தோட்டத்துக் கணக்கு, ஆள் பெயர் எல்லாம் அவர் கையில். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இந்தா பாக்கியம், பெயிண்ட் அடிச்சா தெரியுமா?" என்றார். தெரியாது ஐயா என்றேன். "அப்ப அடி. ஒன் வாயால ஒன் வீட்ட நீயே காலி பண்ணிக்காத."

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. வேலை போனால் லயத்து வீடு போகும், இரண்டு பேருக்கும். அவசரகாலத்தில் வேறு தோட்டத்துக்குப் போக ஐ.சி. என்கிற அடையாள அட்டையை மாற்ற வேண்டும், போலீஸ் கடிதம் வேண்டும், ஏன் துரத்தினார்கள் என்று பத்து இடத்தில் பதில் சொல்ல வேண்டும். மாரிமுத்துவிடம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு, எதற்கு வம்பு என்றார்.

நேரே துரையிடம் போனேன். அவரை அழைத்து வந்து தட்டிக் காட்டினேன். டக் எது, தொப் எது என்று அவர் காதுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. தூக்கி நின்ற ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். உள்ளே பலகை இருக்கிறது, ஒன்றும் ஆகாது, ஓரத்தை ஒட்டிப் பெயிண்ட் அடி என்றார்.

"நீங்க செத்துப்போவீங்க, துரை," என்றேன்.

"அது என் உயிர், பாக்கியம். நீ சும்மா பெயிண்ட் அடி," என்றார்.

எனக்கு ஒன்றும் அந்தத் துரை மேல் உருக்கம் கிடையாது. உண்மையைச் சொல்கிறேன். அவர் போனால் இன்னொரு துரை வருவார், அவரும் பெரட்டில் நின்று எங்களை எண்ணத்தான் போகிறார். ஆனால் உயிர் அவருடையது என்றால் ரெக்கை யாருடையது? ஒவ்வொரு அங்குலமும் என் உள்ளங்கை பட்ட ரெக்கை. ஒரு குமிழி இருந்தால் சீட்டையே வெட்டிப் போடுகிறவள் நான். இவ்வளவு பெரிய குமிழிக்கு மேல் பெயிண்ட் அடித்து அனுப்ப என் கை வராது.

பெரட்டு

பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. மறுநாள் பெரட்டுக்கு நான் போகவில்லை. கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்தேன். எதிர்த் திடலில் பெரட்டுக்கு நின்றவர்கள் எல்லோருக்கும் ரெக்கை தெரியும். இருப்பதிலேயே முரட்டு சாண்ட் பேப்பரை எடுத்துப் பலகையில் சுற்றினேன். பெயிண்டுக்குத் தயாராக இருந்த அந்த வழுவழுப்பின் நடுவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

நான் அதுவரை அப்படித் தேய்த்ததே இல்லை. ஃபில்லர் போனது, இழை தெரிந்தது. நிறுத்தவில்லை. இழை அறுந்தது. இனி இதை எந்தப் பெயிண்டாலும் மூட முடியாது, அதுதான் எனக்கு வேண்டும். கிராணி கத்திக்கொண்டு வந்தார். என் வேலை போய்விட்டது, ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வாசலில் நின்றே சொன்னார். சரி ஐயா என்று தேய்த்தேன்.

ரெக்கை ஸ்டாண்டில் கிடந்து ஆடியது. அப்போது மாரிமுத்து வரிசையை விட்டு வந்தார். என் கையைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, கிட்ட வராதே என்பதுபோல் பலகையைத் தூக்கினேன்.

"ஆடுது பாரு," என்று ரெக்கையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "நான் புடிச்சிக்கிறேன். நீ தேய்."

இந்த மனிதருக்காகத்தான் அந்தக் கொதிப்பிலும் கண்ணீர் வந்தது. கண்ணில் தூள் விழுந்தது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

துரை வந்து பார்த்தார். முழங்கை நீளத்துக்குத் தேன் நிறம் திறந்து கிடந்தது. அவர் முகம் கோவைப்பழமாகச் சிவந்தது. கொட்டகையைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை

பூட்டினால் என்ன, இன்ஸ்பெக்டருக்குத் திறந்துதானே ஆக வேண்டும்? ஒல்லியான சீனர், சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். கம்பெனிப் பெரிய துரை, எங்கள் துரை, கிராணி எல்லோரும் சுற்றி நின்றார்கள். நாங்கள் ஸ்டோர் பக்கம் நின்று பார்த்தோம்.

அவர் வலது ரெக்கையைத் தட்டினார், தடவினார், தலையை ஆட்டினார். இடது ரெக்கைக்கு வந்தார். நான் தேய்த்துத் திறந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, எழுந்த துணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். நுனியிலிருந்து நடு வரைக்கும் மேல் அடுக்கு ஒரே துண்டாக உரிந்து அவர் கையோடு வந்தது.

இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். எங்கள் துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "வி ஃபவுண்ட் இட்," என்றார். நாங்கள் கண்டுபிடித்தோமாம். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்.

பொறுக்குமா? விறுவிறுவென்று உள்ளே போனேன். கிராணி கையை நீட்டித் தடுத்தார், அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"புகையில வைக்கச் சொன்னது நான். தேய்க்காம ரெடின்னு சொன்னதும் நான். அந்தத் தப்பு என்னோடது," என்றேன். "கண்டுபுடிச்சதும் நான்தான். ரெண்டுல ஒன்ன மட்டும் துரைக்குக் குடுக்க மாட்டேன். கிராணி ஐயா, அப்படியே சொல்லுங்க அவருகிட்ட."

கிராணி சொல்லவில்லை. எங்கள் துரைதான் சொன்னார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். இன்ஸ்பெக்டர் என் கையைப் பார்த்தார், ரெக்கையைப் பார்த்தார். வலது ரெக்கையும் இந்த அம்மாதானா என்று கேட்டார். ஆமாம் என்றார் துரை. அப்படியென்றால் இதையும் இவரே முதலிலிருந்து செய்யட்டும், முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வேலை நீக்கம் ரத்து என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று நானும் நினைக்கவில்லை. திங்கட்கிழமை பெரட்டில் கிராணி என் பெயரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

ரெடி

மேல் அடுக்கை முழுதாக உரித்தோம். தேன் நிறம் போகிற வரைக்கும் அடி அடுக்கைத் தேய்த்தோம். தேய்ப்பதற்கு முன்னால் தின்னரால் துடைத்தோம், இல்லாவிட்டால் பேப்பரே பிசுக்கை இழுத்துப் பரப்பிவிடும். நானும் அஞ்சலையும் பன்னிரண்டு நாள் தேய்த்தோம்.

ரெசின் போட வேண்டிய நாள் நல்ல வெயில். துரை கிளாஸ் துணியை அளந்து வெட்டி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"பாக்கியம், ரெடி?"

நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தேன். "இல்ல, துரை."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். இல்லை என்றேன். கீழே போட்டால் துணியில் தூசி ஒட்டும், மடித்தால் இழை கோணும். அதனால் ஏந்தினபடியே நின்றார். வாசலில் கூரை இல்லை. கிராணி குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் ஒரு சுற்று தேய்த்து, துடைத்து, கத்தரிக்கோல் காம்பால் நுனி முதல் அடி வரை தட்டிக் கேட்டேன். கொஞ்சம் தேவைக்கு மேலேயே நிதானமாகச் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது தரம் அவர் கேட்கவில்லை. நான் சொல்கிற வரைக்கும் காத்திருந்தார்.

அந்த ஏரோப்ளேன் பறந்தது. எங்கள் லயத்துக்கு மேலே இரண்டு சுற்று சுற்றியது. எல்லோரும் துரை தெரிகிறாரா என்று பார்த்தார்கள். நான் இடது ரெக்கையைப் பார்த்தேன். பத்திரமாக இறங்கியது.

பட்டறைப் பிள்ளைகளே, பச்சைத் தண்ணீரில் கையைக் கழுவுங்கள். பழகின வேலையில் நல்லதாக இருந்தது புது வேலையிலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன், ஒரு ரெக்கை போனது. தப்பு செய்தால் என்னுடையது என்று சொல்லுங்கள், அப்போதுதான் சரியாகச் செய்ததையும் என்னுடையது என்று சொல்ல வாய் வரும். முதலாளி வந்து ரெடியா என்று கேட்பார். தடவிப் பார்த்த கை இல்லை என்று சொன்னால், வாயும் இல்லை என்றே சொல்லட்டும். அவருக்கு அவசரம் இருக்கும், கோபம் வரும், வேலையை விட்டு அனுப்புவேன் என்பார். ஒரு துரையையே துணியும் கையுமாக வெயிலில் நிறுத்தி வைத்தவள் சொல்கிறேன். நிற்பார்கள்.